ரெண்டு சீட்டு வண்டி

ரேடியேட்டர்காரர் அந்த வண்டியை லாரியில் கொண்டுவந்து பட்டறைக்குப் பின்னால் இறக்கியபோது அதற்குச் சக்கரம் ஒன்றுகூட இல்லை. இடிக்கப்போகிற ஒரு பங்களாவின் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த வண்டி அது. நாலு பேர் சேர்ந்து தூக்கிச் செங்கல் அடுக்கின் மேல் வைத்தோம். மேற்கூரை கிடையாது. ரெண்டே ரெண்டு சீட்டு. மூக்கு நீண்டு, முதுகு தாழ்ந்து, தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் பந்தயத்தில் ஓடிய ஜாதி என்று அவர் சொன்னார். எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்பவில்லை. பதினொரு வருஷம் செங்கல் மேலேயே நின்றதால் அதற்கு ஆமை என்று பெயர் வைத்துவிட்டோம். "என்ன அண்ணே, ஆமை இன்னிக்கு எத்தனை அடி நகர்ந்துச்சு?" என்று டீக்கடையில் கேட்பார்கள். அவர் டீயை ஊதிக் குடித்துவிட்டு, கிளாஸை வைத்துவிட்டுப் போய்விடுவார்.

ரேடியேட்டர் வேலையில் அவரை மிஞ்ச எங்கள் பக்கம் ஆள் இல்லை. ஒழுகுகிற ரேடியேட்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, காற்றடித்து, குமிழி வருகிற இடத்தைக் கண்ணால் பிடித்து, ஈயம் வைத்துப் பற்றவைப்பார். அவர் வைத்த பற்று விட்டுப்போனதாகச் சரித்திரம் இல்லை. பட்டறையின் முன்பாதியில் அவர் மனைவி கார் சீட்டு உறை தைத்துக்கொண்டிருப்பாள். ஊரே அவளைச் சீட்டம்மா என்றுதான் கூப்பிடும். புதிதாக வருகிறவர்கள் சீட்டாடுகிற அம்மா போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். தடித்த ரெக்சினை அவள் ஊசியில் ஓடவிடும்போது தையல் மிஷின் போடுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

அவர்களுக்கு ஒரே மகள். கண்ணாடிக் கடையில் கண் சோதித்துச் சொல்கிற வேலை, முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி, பெரிய ஊரில். அந்த வேலைக்கு அவள் முதன்முதலாகக் கிளம்பியபோது, "என் வண்டியிலதான் உன்னைக் கொண்டுபோய் விடுவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். கிளம்புகிற நாள் காலை வரை வண்டிக்கு அடியிலேயே கிடந்தார். எட்டு மணி வரை பெட்டியோடு வாசலில் நின்று பார்த்துவிட்டு அவள் பஸ்ஸில் போனாள். "பரவாயில்லப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அதற்கப்புறம் ஒன்பது வருஷமாக அப்பாவிடம் அவள் எது பேசினாலும் பரவாயில்லப்பாவில்தான் வந்து முடியும். கல்யாணம் ஆகி, அது ஒத்துவராமல் தனியாக வந்து அறை எடுத்துத் தங்கியதைக்கூட அம்மாவிடம்தான் சொன்னாள். அவருக்கு இரண்டு மாசம் கழித்துத்தான் தெரியும்.

வண்டி ஒருவழியாகக் கிளம்பியது இந்தக் கோடைக்கு முன்னால்தான். ஆளில்லாத விடியற்காலையில் எடுத்து, ஆற்றுப்பாலம் வரை ஓட்டி, வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுவார். மூன்று வாரம் அப்படியே ஓட்டினார். ஒரு கோளாறும் இல்லை.

அப்போதுதான் மகள் போன் செய்தாள். வயிற்றில் கட்டி. மாசக்கணக்கில் ரத்தம் போய்க்கொண்டிருந்ததை அம்மாவிடம்கூட முழுசாகச் சொல்லாமல் இருந்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆபரேஷன்.

"அம்மா, நீ கூட இருந்தாப் போதும்."

சீட்டம்மா வியாழக்கிழமை சாயங்கால பஸ்ஸுக்குப் பையை எடுத்து வைத்தாள். ரேடியேட்டர்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"பஸ் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலைல அஞ்சுக்குக் கிளம்பினா பன்னெண்டுக்குள்ள போயிடலாம். நாலு மணி நேரம் கையில இருக்கும்."

"எதுல?"

அவர் பின்பக்கம் பார்த்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சீட்டு ரெண்டு. ஆளு மூணு. திரும்பி வர்றப்ப என்ன பண்றது?"

"நீ பஸ்ல வா. நானும் அவளும் வண்டில வர்றோம்."

"வயித்துல தையல் போட்ட பொண்ணை இந்தத் தரையோட தரையா ஓடுற வண்டில உக்கார வைப்பீங்களா?"

"நீதானே நுரை வச்சுத் தைச்சே. மெத்தை மாதிரி இருக்குன்னு நீயே சொன்னியே."

"மெத்தை நல்லாத்தான் இருக்கு. அதுக்குக் கீழ ரோடு இருக்கே."

அவர் நகத்துக்கடியில் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அப்புறம், "அவளை ஒருதடவை இதுல ஏத்தணும்மா. அவ்வளவுதான்" என்றார்.

அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்லியிருக்கலாம் என்று சீட்டம்மா பிற்பாடு எங்களிடம் சொன்னாள். அவர் வலியக் கேட்டால் மறுக்கத் தெரியாதவள் இல்லை அவள். ஆனால் அவளுக்கும் ஒரு ஆசை இருந்தது. அடர்சிவப்பில், கோடு கோடாக மடிப்பு வைத்து, நாலு மாசம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்த சீட்டுகள். இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் உட்காருவதற்கே தைத்திருக்கிறாள். தான் தைத்த சீட்டில், காற்று முகத்தில் அடிக்க, ஒரு பாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போகவேண்டும் என்று இருந்தது. "அவர் மேல மட்டும் பழி போட்டா வாய் அழுகிடும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை அஞ்சு மணி ஆறேமுக்காலாகிவிட்டது. ஒரு ரப்பர் குழாயின் கிளிப்பில் ஈரம் தெரிந்தது என்று கழற்றி மாட்டினார். தண்ணீர் விட்டு, கொதிக்கவிட்டு, ஆறவிட்டு, மறுபடி பார்த்தார். "ரேடியேட்டர்காரன் வண்டி ரோட்டுல கொதிச்சு நின்னா ஊரு சிரிக்கும்." அவள் அவித்த முட்டை ஆறு, ரொட்டி, வெள்ளரிக்காய், உப்பு மிளகு கலந்த பொட்டலம், இரண்டு கேன் தண்ணீர் எல்லாம் காலடியில் அடுக்கிக்கொண்டு, தலையில் மஞ்சள் பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவில் அந்த நேரத்துக்கே பத்துப் பேர் கூடிவிட்டோம். டீக்கடைக்காரர், "ஆமையில போய் முயலைக் கூட்டிட்டு வாங்க அண்ணே" என்றார். அன்றைக்குத்தான் அந்தக் கேலிக்கு அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

முதல் இரண்டு மணி நேரத்தைப் பற்றி அவள் சொல்லும்போது குரலே மாறிவிடும். சாலை இன்னும் குளிர்ந்தே இருந்தது. வண்டி ஓடவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து, கை காட்டி வழிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவ்வளவு தாழ உட்கார்ந்து போனதில் சாலையோரப் புல்லின் நுனிகூட அவள் தோளுயரத்துக்கு வந்தது. ரேடியேட்டர்காரர் பாட்டெல்லாம் பாடுகிற ஆள் இல்லை. அன்றைக்கு என்னவோ முனகிக்கொண்டே ஓட்டினார்.

எட்டரைக்கு ஒரு புளியமரத்தடியில் நிறுத்திச் சாப்பிட்டார்கள். முட்டையை உரித்து உப்பு மிளகில் தொட்டு அவர் கையில் கொடுத்தாள். அவர் சாப்பிடும்போதும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"பார்த்தியா?" என்றார்.

"பார்த்தேன், பார்த்தேன். சாப்பிடுங்க."

ஒன்பதரைக்கு மகள் கூப்பிட்டாள். காற்றுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று வண்டியை ஓரம்கட்டினார்.

"எங்கம்மா இருக்கீங்க? பஸ்ஸா?"

"அப்பா வண்டில வர்றோம் கண்ணு."

"அந்த வண்டியிலயா?" என்றாள். பிறகு, "சரி. எத்தனை மணிக்கு வருவீங்க?"

"ஒரு மணிக்குள்ள வந்துடுவோம்."

"காலைல டாக்டர் வந்தாங்கம்மா. புதுசா எடுத்த ஸ்கேன் படத்தைப் பார்த்துட்டு ஒண்ணு சொன்னாங்க. உன்கிட்ட கேக்கணும்."

"சொல்லேன்."

"வேண்டாம். பக்கத்துக் கட்டில்ல ஆளுங்க இருக்காங்க. நேர்ல சொல்றேன். நீ வா."

பத்து மணிக்கு மேல் வெயில் வந்தது. வந்தது என்றால் கொஞ்சம் கொஞ்சமாக இல்லை. அடுப்பங்கரைக் கதவைத் திறந்தது மாதிரி வந்தது. மரங்கள் முடிந்துபோய், இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல்காடு. தார் பளபளத்து, தூரத்தில் தண்ணீர் தேங்கியது போலத் தெரிந்தது. சிவப்பு ரெக்சின் தொடையைச் சுட்டது. தான் தைத்த சீட்டைத் தானே திட்டிக்கொண்டு, துண்டை மடித்து அடியில் போட்டாள். வெயிலில் ரெக்சின் இப்படிச் சுடும் என்று இருபத்தெட்டு வருஷமாகத் தெரிந்தவள், கூரையில்லாத வண்டிக்கு ஏன் அதையே தைத்தோம் என்று அப்போதுதான் யோசித்தாள்.

பத்தேமுக்காலுக்கு வண்டி இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை இருமிவிட்டு நின்றது.

அவர் உடனே பானட்டைத் தூக்கி ரேடியேட்டரைப் பார்த்தார். சூடுதான், ஆனால் கொதிக்கவில்லை. தண்ணீர் அளவு அப்படியே இருந்தது. பிளக்கைக் கழற்றினார், மாட்டினார். கடைசியில் பெட்ரோல் போகிற செம்புக் குழாயைத் தொட்டவர் கையைச் சுருக்கென்று எடுத்தார்.

"பெட்ரோல் கொதிக்குது" என்றார்.

"பெட்ரோல் கொதிக்குமா?"

"குழாய்க்குள்ளயே ஆவியாப் போயிடுது. ஆவியைக் குடிச்சு இஞ்சின் ஓடாது." குழாயை விரலால் பின்தொடர்ந்து பார்த்தார். புகை போகிற இரும்புக் குழாய்க்கு இரண்டு விரற்கடை பக்கத்தில் அது வளைந்து போயிற்று. அவரே வளைத்ததுதான். சுருக்கான வழி என்று அப்படிக் கொண்டுபோயிருந்தார். விடியற்காலைக் குளிரில் அது ஒன்றும் சொல்லவில்லை.

"தண்ணியை மட்டுமே பார்த்துட்டு இருந்துட்டேன்" என்றார், வண்டியிடம் சொல்வது போல.

அவள் தலைத்துணியை அவிழ்த்துக் கொடுத்தாள். அதை நனைத்துக் குழாயைச் சுற்றினார். இருபது நிமிஷம் ஆறவிட்டபின் கிளம்பியது. பதினைந்து கிலோமீட்டர் ஓடியது. மறுபடி நின்றது. மறுபடி நனைத்தார். ஒரு கேன் தண்ணீர் தீர்ந்தது. சாலையோரத்தில் தர்ப்பூசணி விற்கிற அம்மாவிடம் வாளியில் தண்ணீர் கேட்டார்கள். அந்த அம்மா கொடுத்துவிட்டு வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"கூரை எங்க?"

"இது இப்படித்தான்" என்றார் ரேடியேட்டர்காரர்.

"மழை வந்தா?"

"மழை வந்தா நல்லதும்மா. இப்ப வெயில்தான் பிரச்சினை."

அவள் இரண்டு துண்டு பழம் நறுக்கிச் சீட்டம்மா கையில் கொடுத்தாள். "முகமெல்லாம் கன்றிப் போச்சே உனக்கு. எங்க போறீங்க இந்த வெயில்ல?"

"மகளுக்கு ஆபரேஷன்."

அந்த அம்மா வண்டியை ஒரு பார்வை, அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று சீட்டம்மாவுக்கு இருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பாதித் தூரம்கூடத் தாண்டவில்லை. மரமே இல்லாத ஒரு நீள மேட்டில் வண்டி மூன்றாவது தடவையாக நின்றது. இரண்டு பேருமாகத் தள்ளி ஓரத்துக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளங்கை கொப்பளித்தது. அப்போது மகள் ஊர்ப் பெயரை நெற்றியில் போட்டுக்கொண்டு, அவர்கள் போகிற திசையில், பின்னாலிருந்து ஒரு பஸ் வந்தது. அவள் கை காட்டவே இல்லை. டிரைவர் வண்டியைப் பார்க்கத்தான் வேகத்தைக் குறைத்தார், குறைத்தவர் நிறுத்தியும்விட்டார். நடத்துனர் படியில் தொங்கிக்கொண்டு கேட்டார்.

"என்னக்கா, உதவி வேணுமா?"

"எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் தம்பி?"

"மூணுக்குள்ள போயிடும். ஏறுங்க, முன்னாடியே சீட்டு இருக்கு."

அவள் பையை எடுத்தாள். ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள். அதை மட்டும் அவள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு கால் படியில் இருந்தது, பஸ்ஸுக்குள்ளிருந்து விசிறிக் காற்று முகத்தில் பட்டது. திரும்பிப் பார்த்தாள். அவர் நனைந்த மஞ்சள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். புருவத்திலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"நீ போறதுன்னா போ" என்றார். பிறகு, "இன்னும் அரை மணி நேரம். இது ஆறிடுச்சுன்னா ஒரே ஓட்டம். நீ இல்லாம நான் மட்டும் இதுல போய் இறங்கினா அவ என்ன நினைப்பா?" என்றார்.

அவள் நின்றாள். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள்.

"அக்கா, ஏறுறீங்களா இல்லையா?"

"நீங்க போங்க தம்பி" என்றாள்.

பஸ் கிளம்பிய தூசி அடங்கும் முன்னாலேயே மகள் கூப்பிட்டாள்.

"எங்கம்மா இருக்கீங்க?"

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயால் ஒன்றும் கேட்கவில்லை. கையால் மட்டும், சமாளி என்பது போல, ஒரு சின்ன அசைவு.

"வந்துட்டே இருக்கோம் கண்ணு. பாதி தாண்டியாச்சு."

"ரெண்டு மணிக்கு வந்துடுவீங்களா? மூணரைக்குள்ள ஒரு கையெழுத்துப் போடணும். அதுக்கு முன்னாடி உன்கிட்ட பேசணும்."

"வந்துடுவேன்."

"கடையில என்கூட வேலை செய்யுற பொண்ணு லீவு போட்டுட்டு வரவான்னு கேக்குறா. வரச் சொல்லட்டுமா?"

"எதுக்கு அவளை அலைய வைக்கணும்? அதான் நான் வந்துடுவேனே."

போனை வைத்தபிறகு இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்க்கவில்லை. அவர் பானட்டுக்குள் குனிந்துகொண்டார்.

அரை மணியில் ஆறவில்லை. தரையே அனலாக இருக்கும்போது எது ஆறும்? ஒரு லாரிக்காரர் நின்று, அவர்கள் குடிக்க வைத்திருந்ததைப் போல மூன்று மடங்கு தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்றரைக்குக் கிளம்பி, இரண்டு மணிக்கு மறுபடி நின்றார்கள். அப்புறம் பஸ் வரவில்லையா என்று நாங்கள் கேட்டோம். வந்ததாம், இரண்டு. ஒன்று நிற்கவில்லை. இன்னொன்று வந்தபோது இவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அது முந்திக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்று மணிக்கு மகள் கடைசியாகக் கூப்பிட்டாள். அப்போது நூற்று முப்பது கிலோமீட்டர் பாக்கி. மைல்கல் சீட்டம்மாவின் கண்ணுக்கு எதிரேயே நின்றது.

"அம்மா."

"பக்கத்துல வந்துட்டோம்டா. இதோ, ஊருக்குள்ள நுழையப் போறோம்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. இந்தத் தடவை அவர் கையசைக்கக்கூட இல்லை. பயந்துபோய்க் கிடக்கிற பிள்ளையிடம் தூரத்தில் இருக்கிறேன் என்று சொல்ல நாக்கு வரவில்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் மகள் போனிலேயே கேட்டிருப்பாள். பக்கத்துக் கட்டில்காரி கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும் என்று கேட்டிருப்பாள். இவள் பக்கத்தில் வந்துவிட்டதாகச் சொன்னதால், "சரி, வா" என்று வைத்துவிட்டாள்.

அவர்கள் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபோது ஆறேமுக்கால். வாசலில் நின்றவர்கள் வண்டியைப் பார்த்துக் கூடினார்கள். எவ்வளவு வேகம் போகும் என்று ஒருத்தர் கேட்டார். ரேடியேட்டர்காரர் காதில் வாங்காமல் உள்ளே ஓடினார். முகமெல்லாம் கரியும் தூசியுமாக இருந்ததால் காவலாளி அவரைக் கையைப் பிடித்து நிறுத்தி, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டார். மகள் பெயரைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று.

ஆபரேஷன் முடிந்து மயக்கத்தில் படுத்திருந்தாள். உதடு வெளுத்து, கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. நர்ஸ் சீட்டம்மாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் அம்மாவா? மூணேகால் வரைக்கும் வாசலைப் பார்த்துட்டே இருந்துச்சு. யார் உள்ள வந்தாலும் எழுந்து உக்காந்துச்சு."

"இப்ப எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கு. பயம் இல்ல. கர்ப்பப்பையை எடுத்தாச்சு. அது கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுச்சே. உங்களுக்குத் தெரியும்ல?"

சீட்டம்மா தலையாட்டினாள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் மகள் நன்றாக விழித்துக்கொண்டாள். அம்மா ஈரத்துணியால் அவள் முகத்தைத் துடைத்தாள். அப்பா கட்டில் காலருகே நின்றார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. முதலில் மூன்று பேரும் ரத்தம் எத்தனை பாட்டில் ஏறியது, ஆஸ்பத்திரிக் கஞ்சியில் உப்பு இல்லை என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு மகளே ஆரம்பித்தாள்.

"கட்டியை மட்டும் எடுக்கலாம்னு சொன்னாங்கம்மா. ஆனா மறுபடி வரலாம், ரத்தம் நிக்காமலும் போகலாம். மொத்தமா எடுத்துட்டா அதோட முடிஞ்சுது. உங்க விருப்பம், யோசிச்சு எழுதிக் கொடுங்கன்னாங்க."

"நீ என்ன நினைச்சே?"

"நான் என்ன நினைக்கிறேன்னுதான் உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன்." சிரிக்கப் பார்த்தாள், தையல் இழுத்தது. "முப்பத்தி நாலு வயசாச்சு. புருஷன் இல்ல. இனிமே எதுக்குன்னு ஒரு நிமிஷம் தோணுது. அடுத்த நிமிஷம், அதை ஏன் இப்பவே முடிவு பண்ணணும்னு தோணுது. பேனாவைக் கையில குடுத்துட்டு அந்த நர்ஸ் நின்னுட்டே இருக்கா, பாவம், அவளுக்கும் வேலை இருக்கு. எடுத்துடுங்கன்னு எழுதிட்டேன்."

சீட்டம்மா துணியைப் பிழிந்தாள். பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"நீ வந்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேனோ என்னவோ. தெரியலம்மா. இனிமே தெரிஞ்சுக்கவும் வழியில்ல." கொஞ்சம் நிறுத்தி, "வழியில பஸ் எதுவுமே கிடைக்கலையா?" என்றாள்.

"கிடைச்சுது" என்றார் அப்பா. "உங்கம்மா ஏறிட்டா. நான்தான் விடல."

"அவர் விடாம ஒண்ணும் இல்ல" என்றாள் சீட்டம்மா. "நானாத்தான் இறங்கினேன்."

மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பரவாயில்லப்பா என்று சொல்லிவிடுவாள் என்று ரேடியேட்டர்காரர் பயந்தபடி நின்றார். அவள் அதைச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்குத் தூக்கம் வருது" என்றாள்.

அவர் வெளியே போனார். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வண்டிகள் நிறுத்துகிற இடத்தில், ஒரு சுவர் நிழலில், தெருமுனைப் பட்டறையில் இரவல் வாங்கிய சாமான்களோடு வேலை பார்த்தார். செம்புக் குழாயைக் கழற்றி, நேராக்கி, புகைக்குழாயை விட்டு ஒரு முழம் தள்ளி வேறு வழியில் வளைத்துக் கொண்டுபோனார். நடுவில் ஒரு தகரத்தைத் தடுப்பாக வைத்தார். மதியத்துக்குள் முடிந்துவிட்டது.

மகள் எங்கள் ஊருக்கு வரவில்லை. தன் அறையிலேயே இருக்கிறேன் என்றாள். அம்மா மட்டும் கூட இருப்பது என்று ஆயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அறைக்கு வாடகைக் காரில் கூட்டிப்போனார்கள். ரேடியேட்டர்காரர் தம் வண்டியில் பின்னாலேயே போனார். படுக்கை, மருந்து, தண்ணீர்ப் பானை எல்லாம் அவரே மூன்று மாடி ஏற்றி வைத்தார். மறுநாள் பத்து மணி வெயிலில் கிளம்பினார்.

அன்றைக்குச் சாயங்காலம் சீட்டம்மாவின் போன் அடித்தது. மகள் தலையணையில் சாய்ந்திருந்தாள். அம்மா அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"வந்து சேர்ந்துட்டேன்" என்றார் அவர்.

"சாப்பிட்டீங்களா?"

பின்னால் பட்டறையில் யாரோ இரும்பைத் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னங்க?"

"எங்கயும் நிக்கலம்மா" என்றார். "அன்னிக்கு அடிச்ச அதே வெயில். அந்த மேட்டுலகூட இருமல. ஆறரை மணி நேரத்துல வந்துட்டேன்." அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "அரை நாள் வேலை. கிளம்புறதுக்கு முன்னாடி அரை நாள் ஒக்காந்து பார்த்திருந்தா போதும். அரை நாள்."

"வைங்க. முதல்ல சாப்பிடுங்க" என்றாள்.

போனை மடியில் வைத்துக்கொண்டு சீப்பை எடுத்தாள். மகளின் தலைமுடி கொத்தாகக் கையோடு வந்தது; அதை விரலில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தாள்.

"அப்பாவா?"

"ஆமா. போய்ச் சேர்ந்துட்டாராம்."

"வழியில எத்தனை இடத்துல நின்னுச்சு?"

நாலைந்து இடம் என்று சொல்லிவிடலாம். அவ்வளவு சுலபமாக நாக்கு நுனியில் வந்து நின்றது. அந்த வண்டி அப்படித்தான், அந்த வெயில் அப்படித்தான், யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று பிள்ளை நினைத்துக்கொண்டு தூங்குவாள். சீட்டம்மா சிக்கு எடுத்துக்கொண்டிருந்த முடியைக் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

"எங்கயும் நிக்கல கண்ணு" என்றாள். "குழாயைத் தள்ளி வச்சாராம். சரியாயிடுச்சு."

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் முதுகு மட்டும் அம்மாவின் முழங்காலில் படும்படி கொஞ்சம் பின்னால் சாய்ந்தது, அல்லது தையல் வலிக்காமல் இருக்க நகர்ந்திருக்கலாம். எதற்கென்று சீட்டம்மாவுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. வகிடு எடுத்து வாரத் தொடங்கினாள்.